காணாமற் போனவனைத் தேடுவது யார்?

தோழர்களே! கெலவரப்பள்ளி அணைப் பாசன வயல்களிலும் ஓசூர் ஆலைகளிலும் உழைத்துக் களைத்தவர்கள் துப்பறியும் நாவல் படிப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த நாவல்கள் ஊட்டும் மயக்கத்தைச் சும்மா விட முடியாது.

ஒருவன் காணாமற் போகிறான். இன்ஸ்பெக்டர் இரவு பகல் பாராது தேடுகிறார். கடைசி அத்தியாயத்தில் மர்மம் விலகுகிறது. குற்றவாளி யாரோ ஒரு தனிமனிதன், அரசாங்கமோ அப்பழுக்கற்றது!

நாட்டு நடப்பு என்ன? கேரளத்தைப் பாருங்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவன் ராஜனைப் போலீசார் பிடித்துச் சென்றனர். கக்கயம் முகாமில் வதைத்தனர். தேட வேண்டியவனே ஒளித்தவன்! தேடி அலைந்தவர் எந்த இன்ஸ்பெக்டரும் அல்லர். பெற்ற தந்தை ஈச்சர வாரியர். அதிகாரிகளிடமும் மந்திரிகளிடமும் நடையாய் நடந்தார். 1977இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார்.

அரசாங்கம் என்ன சொன்னது? ராஜனைப் பிடிக்கவே இல்லை என்று சாதித்தது! அந்தப் பொய்யை உடைத்தது எந்தத் துப்பறியும் புலியின் மூளை? கண்ணால் கண்டவர்களின் சாட்சியம்தான் உடைத்தது. போலீசார் பிடித்துச் சென்றது உண்மையே என்றது நீதிமன்றம். நெருக்கடி நிலையில் உள்துறை மந்திரியாக இருந்து, அப்போது முதலமைச்சராகியிருந்த கருணாகரன், பதவியேற்ற ஒரு மாதத்திலேயே விலகினார். ராஜனின் உடலோ இன்றுவரை கிடைக்கவில்லை.

நல்ல போலீஸ்காரரே இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இருக்கலாம். ஆனால் அவருடைய நல்ல மனத்தை நம்பியா நாம் உயிர் வாழ்வது? கைது செய்தால் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் கட்டளையிட்டது. கேட்பதற்கு ஆளில்லாவிட்டால் அந்தக் கட்டளை வெறும் காகிதம்!

வடநாட்டிலிருந்து காண்டிராக்டர் கூட்டி வந்த தொழிலாளியை எண்ணுங்கள். அவன் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லையென்றால், அவன் காணாமற் போனது யாருக்குத் தெரியும்? அவன் பெயரையும் ஊரையும் சங்கத்தில் பதியுங்கள். பக்கத்தில் நின்று வேலை செய்கிறவனே அவனுக்குச் சாட்சி.

நாவலைப் படியுங்கள், தோழர்களே! ஆனால் ஒரு தோழன் வேலைக்கு வராது போனால், கடைசி அத்தியாயத்துக்காகக் காத்திராதீர்கள். திரண்டு சென்று கேளுங்கள்: எங்கே எங்கள் தோழன்?