வானிலைக்காரர்கள் மீது ஒரு வீண்பழி

அமெரிக்காவின் வடகிழக்கில் குளிர்காலம் தொடங்கினால் கூடவே ஒரு கேலியும் கிளம்பிவிடும்: "இரண்டடி பனி என்பார்கள், இரண்டங்குலம்கூட விழாது." இதற்கு எல்லோரும் சாட்சிக்கு அழைப்பது 2015 ஜனவரிப் புயலைத்தான். நியூயார்க் நகரில் 20 முதல் 30 அங்குலம் வரை பனி கொட்டும் என்று தேசிய வானிலைச் சேவை எச்சரித்தது. சுரங்க ரயில்கள் நிறுத்தப்பட்டன. சென்ட்ரல் பார்க்கில் விழுந்ததோ 9.8 அங்குலம். நியூஜெர்சியின் வானிலை அதிகாரி ஒருவர் ட்விட்டரில் மன்னிப்பே கேட்டார். இதை வைத்துக் கேலி செய்யலாம். பனிக் கணிப்பே பொய் என்று சொல்லிவிட முடியாது.

"சொன்ன புயல் வரவில்லை" என்கிறார்கள். வந்தது. அதே புயலில் பாஸ்டனில் 24 அங்குலத்துக்கு மேல் பனி விழுந்தது. மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5 அங்குலம். புயல் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கிழக்கே விலகியதால் அதன் மேற்கு விளிம்புதான் நியூயார்க்கைத் தொட்டது. பல நூறு மைல் பரந்த புயலில் ஐம்பது மைல் விலகல் சிறு பிழை. விளிம்பில் இருக்கும் ஊருக்கு மட்டும் அது பெரும்பிழையாகத் தெரிகிறது.

"மழையைச் சொல்ல முடிகிறது, பனியைச் சொல்ல முடியவில்லையா?" என்று கேட்கிறார்கள். மழை அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. அதே அரை அங்குல நீர் பனியாக விழுந்தால் சராசரியாக ஐந்தங்குல உயரம். ஈரப்பனியானால் அதில் பாதி; உலர்ந்த பனியானால் இரு மடங்கு. காற்றின் வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலோ பனிக்குப் பதில் வெறும் மழை. பிழை அதேதான், பனியில் அது பெருகித் தெரிகிறது.

"எப்போதும் மிகைப்படுத்துகிறார்கள்" என்பதும் உண்மையல்ல. 2016 ஜனவரியில் சென்ட்ரல் பார்க்கில் 27.5 அங்குலம் விழுந்தது. முதலில் கணித்ததோ அதைவிட மிகக் குறைவு. நடக்காத புயலைப் பேசித் தீர்க்கிறவர்கள் குறைத்துச் சொன்னதை மறந்துவிடுகிறார்கள்.

"அப்படியானால் எச்சரிக்கையைக் கேட்டு என்ன பயன்?" 2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவுக்கு விடியும் முன்பே எச்சரிக்கை வந்தது. ஆனாலும் பள்ளிகளும் அலுவலகங்களும் திறந்தன. விழுந்தது மூன்றங்குலத்துக்கும் குறைவு. ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் இரவைக் கழித்தார்கள். பிள்ளைகள் பள்ளியிலேயே தூங்கினார்கள். மாறாக, 1993 மார்ச்சின் பெரும்புயலை ஐந்து நாள் முன்பே கணித்துச் சொன்னதால், அது வந்து சேருமுன்பே சில மாநிலங்கள் அவசரநிலை அறிவித்துத் தயாராக முடிந்தது.

வானிலைக்காரர்கள் மீது குறையே இல்லையா? உண்டு. 2015இல் ஐரோப்பியக் கணினி மாதிரி நியூயார்க்குக்கு அதிகப் பனியும் அமெரிக்க மாதிரி குறைந்த பனியும் காட்டின. அந்த முரண்பாடு மக்களிடம் போதிய அளவு போய்ச் சேரவில்லை. பெரிய எண் மட்டும் சேர்ந்தது. பத்து நாளுக்கு முன்பே அங்குலக் கணக்குச் சொல்லும் கைப்பேசிச் செயலிகளும் நம்பத்தக்கவை அல்ல.

ஆகவே ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். குறைந்தது எவ்வளவு, கூடினால் எவ்வளவு, வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். புயலுக்கு இரண்டு நாள் முன்பிருந்து ஒவ்வொரு புதிய அறிவிப்பையும் படியுங்கள். எச்சரிக்கை வந்தால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பனி ஏமாற்றினால் நஷ்டம் ஒரு நாள் விடுப்புதான்.