படுத்தால் புண் வரும் என்பது பொய்

"படுத்த படுக்கையா கெடந்தா முதுகு புண்ணாவத்தான் செய்யும், இன்னா பண்ண முடியும்?" ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பக்கவாதம் வந்தவர் வீட்டில் இப்படிப் பேசிக்கொள்வார்கள். பக்கத்துப் பெசன்ட் நகர் அடுக்குமாடியிலும் இதே பேச்சுதான், தமிழ்தான் கொஞ்சம் வேறு. மருத்துவமனை வார்டில் வீட்டாரைத் தேற்றவும் இதையே சொல்கிறார்கள். இது பொய். ஆளைக் கொல்கிற பொய்.

படுக்கைப் புண்ணுக்குக் காரணம் அழுத்தம். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. தூக்கத்தில்கூட நாம் புரண்டுகொள்கிறோம். புரள முடியாதவரை யாரும் புரட்டாவிட்டால் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் பக்கம் சதை உள்ளுக்குள்ளேயே சாகத் தொடங்கும். தோல் சிவந்தால் உஷாராகுங்கள் என்கின்றன பாடநூல்கள். நம்மவர்களின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டால்தான் சூடும் கெட்டிப்பும் தெரியும். தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும்.

1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு முறிந்த போர்வீரர்களுக்காக லுட்விக் குட்மன் ஒரு பிரிவைத் தொடங்கினார். அவர்கள் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரம் செத்துவிடுவார்கள் என்பதே அன்றைய மருத்துவர்கள் பலரின் எண்ணம். குட்மன் கேட்கவில்லை. இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு தடவை அவர்களைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார். சாவார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் சக்கர நாற்காலியில் வில்வித்தைப் போட்டிக்கு வந்தார்கள். இன்றைய பாராலிம்பிக்கின் தொடக்கம் அந்த வார்டுதான்.

இதற்குப் பிறகும் விதி என்பவர்களுக்கு, 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்களின் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஐசியுவில் இருந்த 1,300க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மார்பில் சின்ன சென்சார் ஒட்டினார்கள். நோயாளி எந்தப் பக்கம், எவ்வளவு நேரமாகப் படுத்திருக்கிறார் என்று அது காட்டும். ஒரு பிரிவில் அந்தத் தகவல் நர்ஸ்களின் திரையில் தெரிந்தது. இன்னொரு பிரிவில் தெரியவில்லை. தெரிந்த பிரிவில் 5 பேருக்குப் புண் வந்தது, தெரியாத பிரிவில் 15 பேருக்கு. கருவி யாருக்கும் மருந்து போடவில்லை. நேரமாயிற்று என்று நினைவூட்டியது, அவ்வளவே. நினைவூட்டினாலே குறைகிற ஒன்றை விதி என்று எப்படிச் சொல்வது?

ஆனால் கருவிக்குக் கை கிடையாது. வாட்டர் பெட் வாங்கிவிட்டோம், பவுடர் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பதும் திருப்பிப் படுக்கவைக்காமல் விடுவதன் இன்னொரு முகம். காற்றடைத்த ரப்பர் வளையத்தில் உட்காரவைப்பது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தையும் கெடுக்கும். நர்ஸ்களைத் திட்ட இதை எழுதவில்லை. ராத்திரி ஒரே நர்ஸ் தலையில் அத்தனை கட்டிலையும் கட்டிவிட்டு, புண் வந்ததும் விதி என்பது ஆள் போடாத நிர்வாகத்துக்குத்தான் வசதி.

அரசு மருத்துவமனை ஐசியுக்களுக்கு இந்த சென்சார்கள் வரட்டும். கூடவே இரவுப் பணிக்கு ஆளும் வரட்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்போரைப் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் ஒவ்வொரு வீட்டாருக்கும் திருப்பிப் படுக்கவைக்கும் முறையைக் கையோடு கற்றுத்தர வேண்டும். நேரத்தை நினைவூட்ட குப்பத்து வீட்டில் செல்போன் அலாரம் போதும்.

உங்கள் வீட்டு ஆள் வார்டில் படுத்திருந்தால் தயங்காமல் கேளுங்கள்: "கடைசியா எப்போ திருப்பிப் படுக்க வெச்சீங்க, சிஸ்டர்?" அவருக்கு ஆள் போதவில்லையென்றால் நீங்களும் ஒரு கை கொடுங்கள்.