பெரிய தாத்தாவோட கல்லறை எங்கே?

ஆடி அமாவாசை அன்னிக்கு எங்க வீட்ல ஒரு இலை கூடுதலா போடுவாங்க. தாத்தா, ஆயா எல்லாருக்கும் ஃபோட்டோ இருக்கு, மாலை போட்டு வெச்சிருப்போம். அந்தக் கடைசி இலைக்கு முன்னாடி மட்டும் ஒண்ணும் இருக்காது. ஒரு செம்புத் தண்ணி, அவ்வளவுதான். அது எங்க தாத்தாவோட அண்ணனுக்கு. செத்த தேதி தெரியாது, இடம் தெரியாது, புதைச்சாங்களா எரிச்சாங்களான்னும் தெரியாது. திதி தெரியாதவங்களுக்கு அமாவாசைதான் கணக்குன்னு அப்பா சொல்வார்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

1936 வாக்குல கடன் தாங்காம கங்காணி பேச்சைக் கேட்டு நாமகிரிப்பேட்டையை விட்டுக் கிளம்பினவர் எங்க பெரிய தாத்தா. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி மலாயா, ரப்பர் தோட்ட வேலை. அப்போ அவருக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம்கூட ஆகல. சேலம் ஜில்லாவுல இருந்து அந்தக் காலத்துல இப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். இலங்கை மலைத்தோட்டத்துக்குப் பாதி, மலாயாவுக்கு மீதின்னு போனாங்க. 1941 வரைக்கும் அவர்கிட்ட இருந்து கடுதாசியும் மணியார்டரும் வந்திருக்கு. அந்த டிசம்பர்ல ஜப்பான்காரன் மலாயாவுல இறங்கினான். 1942 பிப்ரவரி 15 அன்னிக்கு சிங்கப்பூர் விழுந்தது. கடுதாசி நின்னு போச்சு.

சண்டை முடிஞ்ச பிறகு பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் உசுரோட திரும்பி வந்தாராம். அவர் சொன்னது ஒரே ஒரு தகவல். "சயாம் ரயில் ரோட்டு வேலைக்குன்னு லாரியில ஏத்திட்டுப் போனானுங்க. அப்புறம் நான் பாக்கல." எங்க குடும்பத்துக்குக் கிடைச்ச மரணச் செய்தி இதுதான், அதையும் மரணச் செய்தின்னு யாரும் ஒத்துக்கல.

ஒத்துக்காததுக்குக் காரணம் பெரிய ஆயா. அவங்க தாலியைக் கழட்டவே இல்ல. சின்ன வயசுல நான் பார்த்த பெரிய ஆயா நெத்தி நிறைய குங்குமம் வெச்சிருப்பாங்க. ஆனா கல்யாண வீட்ல யாரும் அவங்களை விளக்கேத்தக் கூப்பிட மாட்டாங்க. சுமங்கலியா இல்லையான்னு யாருக்கும் தெரியாதே! கூப்பிடாததைக் கவனிக்காத மாதிரி அவங்களும் பந்தி வேலையில புகுந்துக்குவாங்க. அவங்க இறந்தப்போ வாசல்ல பெரியவங்களுக்குள்ள ஒரு மணி நேரம் தகராறு. பூ, பொட்டு, மஞ்சள் வெச்சு சுமங்கலியா அனுப்புறதா, வேண்டாமான்னு. கடைசியில எங்க அப்பா, "அவங்க எப்படி இருந்தாங்களோ அப்படியே அனுப்புங்க"ன்னு கத்தின பிறகுதான் பாடை கிளம்புச்சு.

ஒரு கல்லறை இருந்திருந்தா, அட்லீஸ்ட் ஒரு துண்டுக் காகிதத்துல ஒரு தேதி இருந்திருந்தா, நாற்பது வருஷம் ஒரு பொம்பளை இந்த நிலைமையில இருந்திருக்க மாட்டாங்க. நிலப் பட்டாவுல அவர் பேர் இன்னும் கூட்டுல நிக்கிறது தனிக்கதை. ஏழு வருஷம் தகவலே இல்லாட்டி இறந்ததா எடுத்துக்கலாம்னு சாட்சியச் சட்டத்துல வழி இருக்கு. பெரிய ஆயா இருந்தவரைக்கும் அவங்க முன்னாடி அந்த மனுவை எழுத யாருக்கும் தைரியம் வரல.

இதுல இன்னொரு விஷயம் என்னை உறுத்திக்கிட்டே இருக்கும். எங்க ஊர்ல நின்னு பார்த்தா கொல்லிமலை தெரியும். அந்த மலையில வாழவந்தி நாட்டுப் பக்கம் ஜெஸ்ஸி பிராண்ட்னு ஒரு வெள்ளைக்கார மிஷனரியோட கல்லறை இருக்கு. 1929 ஜூன்ல காய்ச்சல்ல இறந்தார். வேலூர்ல தொழுநோயாளிகளோட கைகளைச் சரி பண்ணின டாக்டர் பால் பிராண்டோட அப்பா. அவர் மனைவி ஈவ்லின் அதுக்கப்புறமும் இந்தப் பக்கத்து மலை ஜனங்களுக்கே உழைச்சு, 1974 டிசம்பர்ல 95 வயசுல இறந்து, புருஷன் பக்கத்துலயே அடக்கமானாங்க. 45 வருஷம் கழிச்சு! அந்தம்மா செஞ்ச சேவைக்கு அது கிடைச்சதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா அதே மலையைப் பார்த்துக்கிட்டு, கிட்டத்தட்ட அதே அளவு வருஷம் காத்திருந்த இன்னொரு பொம்பளைக்குப் பக்கத்துல போய்ப் படுக்க ஒரு இடம் இல்ல.

சரி, தேடித்தான் பார்ப்போமேன்னு போன வருஷம் தாய்லாந்து போனேன். பாங்காக்ல இருந்து சுமார் 130 கிலோமீட்டர்ல காஞ்சனாபுரி. குவாய் ஆத்துப் பாலம் இருக்கிற ஊர். அந்தப் பேர்ல 1957-ல வந்த ஹாலிவுட் படத்தை இலங்கையில, கித்துல்கலவுல எடுத்தாங்க. ஏழு ஆஸ்கர் வாங்கின படம். வெள்ளைக்காரக் கைதிங்கதான் அந்த ரயில் பாதையைப் போட்டாங்கன்னு உலகம் நம்பறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

நிஜம் வேற. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் பாதை. 1942-ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. போர்க் கைதிகள் சுமார் 60 ஆயிரம் பேர். மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவாக்காரர், சீனர்னு ஆசியக் கூலிகள் அதைப்போல மூணு மடங்குக்கு மேல. நல்ல சம்பளம், மூணு மாச வேலைன்னு சொல்லித்தான் தோட்டங்கள்ல இருந்து நம்ம ஆளுங்களை ஏத்தினாங்க. வராதவங்களைப் பிடிச்சும் ஏத்தினாங்க. காடு, மழை, மலேரியா, 1943-ல காலரா. முகாம் முகாமா செத்தாங்க.

காஞ்சனாபுரி ஊருக்கு நடுவுல, ரயில் ஸ்டேஷன் பக்கத்துல போர்க் கல்லறைத் தோட்டம். அப்படி ஒரு சுத்தம். வெட்டிவிட்ட புல்வெளி, வரிசை வரிசையா முழங்கால் உயரம்கூட இல்லாத பீடங்கள், ஒவ்வொண்ணு மேலயும் வெண்கலத் தகடு. பேர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயசு. சிலதுல குடும்பத்தார் எழுதின ஒரு வரி. காமன்வெல்த் வீரர்கள் 5,084 பேர், டச்சுக்காரர்கள் 1,896 பேர். யாராவது தன் தாத்தா கல்லறையைத் தேடினா, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல பேரைத் தட்டினா போதும். எந்தத் தோட்டம், எந்தப் பகுதி, எத்தனாவது வரிசைன்னு வந்து விழும். என் முன்னாடியே ஒரு வெளிநாட்டு அம்மா கையில நம்பரை வெச்சுக்கிட்டு நேரா ஒரு தகடுகிட்ட போய் உக்காந்தாங்க. தேடவே இல்ல. அஞ்சு நிமிஷம்!

எனக்குப் பொறாமையா இருந்துச்சுன்னு ஒத்துக்கறேன்.

இந்த வித்தியாசம் பணத்தால வந்துச்சுன்னுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். முழுக்க அப்படி இல்ல. கைதி முகாம்ல அதிகாரிங்க இருந்தாங்க, டாக்டருங்க இருந்தாங்க, ஆள் கணக்கு இருந்துச்சு. யார் எப்போ செத்தான், எங்க புதைச்சோம்னு ரகசியமா எழுதி ஒளிச்சு வெச்சாங்க. சண்டை முடிஞ்ச கையோட, 1945 செப்டம்பர்லயே ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போய், பத்தாயிரத்துக்கும் மேல கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடிச்சது. பிறகுதான் எல்லாரையும் எடுத்து காஞ்சனாபுரி, சுங்காய், பர்மாவுல தன்பியூசாயத்னு மூணு இடத்துல வெச்சாங்க. கல்லுக்கு முன்னாடி காகிதம் இருந்துச்சு. காகிதம் இருந்ததாலதான் கல்லு வந்துச்சு.

நம்ம ஆளுங்களுக்கு யார் எழுதினாங்க? காலராவுல செத்தவனைக் குழியில தள்ளி மூடினாங்க, குவிச்சு எரிச்சாங்க. அவனுக்குன்னு ஒரு அதிகாரி இல்ல, டாக்டர் இல்ல, பேரேடு இல்ல. கணக்கையே பாருங்க. இறந்த கைதிகள் சுமார் 13 ஆயிரம். இறந்த கூலிகள் 80 ஆயிரத்துல இருந்து ஒரு லட்சம் வரைன்னு பொதுவா சொல்றாங்க, இன்னும் கூட்டியும் சொல்றவங்க இருக்காங்க. அந்த "வரை"ங்கிற வார்த்தைக்குள்ள மட்டும் 20 ஆயிரம் பேர். செத்த மொத்தக் கைதிகளை விட அதிகம்! அந்த 20 ஆயிரத்துல எங்க பெரிய தாத்தா இருக்காரா, இல்ல மிச்சத்துல இருக்காரா?

போர்க் கல்லறையில இருந்து நடந்து போற தூரத்துல வாட் தாவோர்ன் வராராம்னு ஒரு புத்த கோயில். ஆயிரக்கணக்கான ஆசியக் கூலிகளோட எலும்புகளை அங்க ஒண்ணா வெச்சிருக்காங்க. 1990-ல அதே ஊர்ல ஒரு வயல்ல தோண்டினப்போ நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைச்சது. அதுல யாருக்கும் பேர் கிடையாது. தமிழ்த் தொழிலாளர்களுக்குன்னு ஒரு நடுகல்லை அந்தக் கோயில்ல 2023 மே 1 அன்னிக்குத் திறந்தாங்க. மலேசியத் தமிழர்கள் பல வருஷம் அலைஞ்சு கொண்டு வந்தது. தமிழக அரசும் 10 லட்சம் ரூபாய் கொடுத்துச்சு. பாதை முடிஞ்சு எண்பது வருஷம் கழிச்சு!

இதை விடக் கொடுமை ஒண்ணு உண்டு. பாலத்துக்குப் பக்கத்துல ஜப்பான் ராணுவமே 1944-ல ஒரு நினைவுத்தூண் கட்டியிருக்கு. அதுல தமிழ்லயும் எழுதி வெச்சிருக்கான். கொன்னவன் முதல்ல தமிழ்ல எழுதிட்டான். நாம எழுத எண்பது வருஷம் ஆச்சு.

"எரிச்சு ஆத்துல கரைக்கிற ஜனம் நாம, நமக்கு எதுக்குய்யா கல்லறை?"ன்னு என் மாமா ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா நடுகல்லுங்கிறது வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்ததா? தருமபுரி, செங்கம் பக்கமெல்லாம் போய்ப் பாருங்க. பல்லவர் காலத்து நடுகற்கள் இருக்கு. மாடு பிடிக்கிற சண்டையில செத்த சாதாரண ஊர் ஆளுக்குக்கூட கல்லு நட்டு, அவன் பேரு, எந்த ராஜா காலம், எப்படிச் செத்தான்னு வெட்டி வெச்சிருக்காங்க. அந்த ஜனத்தோட பேரப்பிள்ளைங்கதான் பல்லாயிரம் பேருக்கு சேர்த்து பேரே இல்லாத ஒரே கல்லு நட்டுட்டு, கடமை முடிஞ்சதுன்னு வந்துட்டோம்.

நடுகல் வந்தது தப்புன்னு சொல்லல. அதை நட்டவங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா அது முடிவு இல்லை, ஆரம்பம். அடுத்து வேண்டியது பேர்ப் பட்டியல். இன்னிக்கு இனி புதுசா எலும்பைத் தோண்டி அடையாளம் காண முடியாது. ஆனா போனவங்க பேரு இன்னும் இந்தப் பக்கம் இருக்கு. நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி, ராசிபுரம், ஆத்தூர், துறையூர்னு ஊர் ஊரா "மலாயா போனவர் திரும்பல"ன்னு சொல்ற வீடுகள் இருக்கு. அந்த வீடுகள்ல விவரம் தெரிஞ்ச கடைசி ஆளுக்கு இப்போ எண்பது, தொண்ணூறு வயசு. இன்னும் பத்து வருஷம் கழிச்சுக் கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்காது. கல்லுக்குக் காசு கொடுத்த அரசாங்கம் இதுக்கும் ஒரு ஏற்பாடு செய்யலாம். கிராமம் கிராமமா ஒரு படிவம், இந்தப் பக்கம் இருக்கிற பழைய குடியேற்ற ஆவணங்கள், அந்தப் பக்கம் மலேசியாவுல மிச்சம் இருக்கிற தோட்டப் பதிவுகள், ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க நாலு ஆளு. கல்லுக்கு ஆன செலவை விடப் பெரிய செலவா இது?

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்ல. நான் ஒரு அரைக்குயர் நோட்டு போட்டிருக்கேன். பேரு, அப்பா பேரு, ஊர், போன வருஷம், தோட்டத்துப் பேரு, கடைசியா தகவல் வந்த தேதி, சொன்னவர் யாரு. இதுவரைக்கும் எங்க ஊரைச் சுத்தி பதினொரு பேர் சேர்ந்திருக்காங்க. முதல் வரி எங்க பெரிய தாத்தா. பேர் பேர்னு இவ்வளவு பேசிட்டு அவர் பேரை ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க. பட்டா விவகாரம் முடியற வரைக்கும் வெளிய சொல்லாதேன்னு சித்தப்பா உத்தரவு :-)

காஞ்சனாபுரி போனப்போ வீட்ல இருந்து எடுத்துட்டுப் போன ரெண்டு கிழங்கு மஞ்சளை அந்த நடுகல் அடியில வெச்சுட்டு வந்தேன். எங்க காட்டுல விளைஞ்ச மஞ்சள். அங்க இருந்த காவலாளி என்னன்னு கேட்டார். எனக்கு பதில் சொல்ல அவர் பாஷை தெரியல. பெரிய ஆயா கொடுத்தனுப்பினதுன்னு தமிழ்லயே சொல்லிட்டு வந்துட்டேன்.

பி.கு: உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா, பழைய கடுதாசி உறையைத் தூக்கிப் போட்றாதீங்க. தபால் முத்திரையில ஊர்ப் பேரு இருக்கும். தோட்டத்துக்கு நம்ம ஆளுங்க கூப்பிட்ட தமிழ்ப் பேரு ஒண்ணு, ஆபீஸ் பேரு இன்னொண்ணா இருக்கலாம், ரெண்டையும் எழுதி வைங்க. அப்பா பேரையும் சேர்த்து எழுதுங்க. முத்துசாமின்னு மட்டும் தேடினா ஆயிரம் முத்துசாமி வருவாங்க.