கருப்பட்டி மருந்தா? சர்க்கரையா?

பனை மரத்துக்கு மீண்டும் மவுசு வந்துவிட்டது!

கருப்பட்டி மிட்டாய், கருப்பட்டி காப்பி, பனங்கற்கண்டுப் பால் என்று நகரத்துக் கடைகளில் எங்கும் பனையின் பெயர்தான். "சர்க்கரை நோய்க்காரரும் தாராளமாகச் சாப்பிடலாம்" என்றுகூடச் சொல்லி விற்கிறார்கள்.

இது உண்மையா?

பதநீரில் என்ன இருக்கிறது?

பனையில் ஆண் மரம், பெண் மரம் என இரண்டு உண்டு. பெண் மரந்தான் நுங்கு தரும். பதநீர் இரண்டிலும் கிடைக்கும். பாளையின் நுனியைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும்.

பதநீரில் 100-க்கு 10 பங்குக்கு மேல் சர்க்கரை. மற்றது பெரும்பாலும் தண்ணீர். காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். மிஞ்சுவது என்ன? சர்க்கரைதான்! அதைச் சிரட்டையில் ஊற்றி ஆற வைத்தால் கருப்பட்டி.

கருப்பட்டியில் இரும்பு போன்ற தாதுக்கள் கொஞ்சம் உண்டு. வெள்ளைச் சர்க்கரையில் அவை இல்லை என்றே சொல்லலாம். ஆனால் இரண்டிலும் பெரும் பங்கு ஒரே பொருள்தான். அதன் பெயர் சுக்ரோஸ். ஆகவே கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது பேராபத்து!

எதற்கு நல்லது?

சித்த மருத்துவத்தில் லேகியம் கிண்டப் பனைவெல்லம் சேர்ப்பார்கள். சளி, இருமலுக்குப் பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுப்பது பாட்டி வைத்தியம். தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் இருமல் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் வீட்டு வைத்தியம் போதாது. உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோயாக இருக்கலாம்.

நுங்கு கோடை தாகத்தைத் தணிக்கும். அவித்த பனங்கிழங்கில் மாவுச் சத்தும் நார்ச்சத்தும் உண்டு.

போலி ஏன் வருகிறது?

பனை பலன் தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். பருவம் வந்தால் தொழிலாளி தினமும் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும். கால் தவறினால் உயிருக்கே ஆபத்து. அதனால் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. ஏறுவோர் குறைகிறார்கள், கேட்போர் பெருகுகிறார்கள். இந்த இடைவெளியில்தான் கரும்புச் சர்க்கரை கலந்த போலிக் கருப்பட்டி புகுந்துகொள்கிறது. கருப்பட்டியை மருந்தென்று புகழப் புகழ, போலிக்குத்தான் கொண்டாட்டம்!

அரசு செய்தது என்ன?

1978-ல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமானது. 2021-ல் முதல் வேளாண் வரவு செலவுத் திட்டத்தில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. 76 லட்சம் பனை விதை, 1 லட்சம் கன்று வழங்கத் திட்டமிட்டார்கள். மரத்தை வெட்ட மாவட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள்.

நல்ல காரியம். ஆனால் விதை ஊன்றினால் மட்டும் போதாது. அது மரமாகும்போது ஏற ஆள் வேண்டுமே! பாதுகாப்பான ஏறும் கருவியும் கட்டுப்படியாகும் விலையும் கிடைத்தால்தான் இளைஞர்கள் வருவார்கள்.

கருப்பட்டியை ருசிக்காகச் சாப்பிடுங்கள், அளவோடு சாப்பிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். முடிந்தால், பனையேறும் குடும்பத்திடமே நேரில் வாங்குங்கள். சரக்கும் நல்லதாக இருக்கும். உழைத்தவருக்கும் காசு போய்ச் சேரும்.