சுவரிலிருந்து இறக்கிய படம்

வேம்பு பூக்கத் தொடங்கிவிட்டது. வீடுகளில் ஒட்டடை அடித்து, பழைய படங்களை இறக்கித் துடைக்கும் காலம் இது. நினைவு மங்கிவரும் பெரியவர் உள்ள இல்லங்களில், அப்படங்களைப் புதுப்பிக்கும்போது அவரையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம்.

படச்சட்டத்தின் பின்புறம் பூஞ்சை படர்ந்திருக்கலாம். ஆகவே பராமரிப்பவர் முகக்கவசம் அணிந்து, நோயாளிக்கு அப்பால், திறந்த வெளியில் அதைக் கழற்றட்டும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்கலாகாது; ஈரத்துணியும் படக்கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே புகைப்படக் கடையில் நகலெடுத்து, நகலில் மட்டும் கறைகளை நீக்கச் சொல்லுங்கள். முகத்தைப் பளபளப்பாக்க வேண்டா. பெரியவருக்கு அது அயலார் முகமாகிவிடலாம்.

பின்னர் நகலை அவர் கையில் கொடுங்கள். "இது யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று தேர்வு வைக்காதீர்கள். "இந்தச் சேலை அழகாக இருக்கிறதே, பாட்டி" என்று தொடங்கிக் காத்திருங்கள். பெயர் மாறினாலும் திருத்தாமல் கேளுங்கள். நமக்குத் தெரியாத கதையொன்று அப்போது வெளிவரக்கூடும். வராவிடினும் குறையில்லை. கட்டிலிலிருந்தே காணும் உயரத்தில், நேர்வெயில் படாத சுவரில் அப்படத்தை மாட்டிவையுங்கள். நாளையும் அருகே அமருங்கள்.