கோழிச் சண்டையில் மாட்டிய பிக்கப் வண்டி

அமெரிக்காவுல வெளிநாட்டு பிக்கப் வண்டிக்கு 25 சதவீதம் வரி. அதுக்குப் பேரு 'கோழி வரி'. டவுன்ல இருக்கிற நீங்க சிரிப்பீங்க. ஆனா நெசம்.

1960கள் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி ஐரோப்பாவுல மலிவாப் போய் இறங்குச்சு. அங்கே கோழி வளர்க்கிறவங்க கூச்சல் போட, 1962ல ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் கோழி மேல வரியை ஏத்திட்டாங்க. பேசிப் பார்த்தும் படியலை. 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன் பதிலடியா உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சின்ன சரக்கு வண்டி நாலுக்கும் வரி போட்டார். குறி ஜெர்மனியோட ஃபோக்ஸ்வேகன் வேன். ஜப்பான் அந்தச் சண்டையிலேயே இல்லை. ஆனா வரி எல்லா நாட்டுக்கும் பொதுங்கிறதால அடி அவங்க மேலயும் விழுந்துச்சு.

ஜப்பான்காரங்க சும்மா இருப்பாங்களா? பின்னாடி சரக்குத் தொட்டி இல்லாம, கேபினும் சேஸும் மட்டும் அனுப்பினாங்க. அதுக்கு வரி 4 சதவீதம்தான். அமெரிக்காவுல இறக்கித் தொட்டியை மாட்டி வித்தாச்சு. ஃபோர்டு கூரியர், செவர்லே லவ் எல்லாம் பேருக்குத்தான் அமெரிக்க வண்டி. செஞ்சது மஸ்தாவும் இசுசுவும். வரி யாரைக் காப்பாத்துச்சோ அந்தக் கம்பெனிகளே இந்தச் சந்து வழியா வண்டி இறக்கினாங்க! சுபாரு 1978ல 'பிராட்' வண்டியோட தொட்டிக்குள்ள பின்பக்கம் பார்த்தாப்ல ரெண்டு சீட்டை வச்சு, 'இது கார்'னு சொல்லிருச்சு. கேபின் சேஸ் சந்தை 1980ல அடைச்சாங்க. 1983ல நிசான் டென்னசியில ஃபேக்டரி போட்டு அங்கேயே பிக்கப் செய்ய ஆரம்பிச்சது. வேலை கிடைச்சதேன்னு கேட்டா, அது நியாயம்தான்.

எனக்கு உறுத்துறது வேற. இது சம்சாரி பேரைச் சொல்லிப் போட்ட வரி. கோழிக்காரனுக்கு ஐரோப்பாக் கதவு திறக்கலை. ஸ்டார்ச், பிராந்தி மேல போட்டதைப் பின்னால எடுத்துட்டாங்க. வண்டி மேல போட்டது மட்டும் 60 வருஷம் தாண்டியும் நிக்குது. வெளிப் போட்டி இல்லாத தெம்புல டெட்ராய்ட் கம்பெனிகள் பெரிய பெரிய பிக்கப்பாச் செஞ்சு லாபம் பார்க்குது. பத்து மூட்டை ஏத்த அவ்வளவு பெரிய வண்டி எதுக்கு?

அங்கே இப்போ சில விவசாயிங்க ஜப்பானோட குட்டி 'கெய்' டிரக்கைத் தேடி வாங்குறாங்க. புதுசு வாங்க முடியாது, பாதுகாப்பு விதி விடாது. 25 வருஷம் பழசானாத்தான் உள்ளே வரும். அந்தப் பழசுக்கும் கோழி வரி கட்டித்தான் எடுக்கணும்.