பொருத்துவதா, வாங்குவதா?

ஒஸ்லோவில் வாழும் அன்பர் ஒருவர் அண்மையில் எம்மை நாடி வந்தார். உயர்தரப் பாடசாலையிற் பயிலும் அவர் மகன், "கடையிற் கணினி வாங்க வேண்டாம், பாகங்களை வாங்கித் தாருங்கள், நானே பொருத்துகிறேன், காசு மிச்சம்" என்கின்றானாம். "மாஸ்டர், பொடியன் சொல்லுறது சரியோ?" என வினவினார். வேறு பல இல்லங்களிலும் எழக்கூடிய வினா இதுவாகையால், ஈண்டு விடையிறுக்க விழைகின்றோம்.

முதலிற் செலவை நோக்குவோம். செயலி, தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி, பெட்டி ஆகியவற்றின் விலையையே பிள்ளைகள் கூட்டிப் பார்க்கின்றனர். இயங்குதள உரிமமும் திரையும் விசைப்பலகையும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. பாகங்களின் விலையும் நிலையானதன்று. 2025 இன் பிற்பகுதியிற் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவிற் கொள்வனவு செய்தமையால், அவற்றின் விலை வெகுவாக ஏறியது. அத்தகைய வேளையில், முன்னரே மொத்தமாக வாங்கி வைத்த நிறுவனத்தின் கணினி மலிவாகவும் கிடைக்கலாம்.

அடுத்தது பொறுப்பு. நோர்வேயின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் கொள்வனவுச் சட்டத்தின்படி, நெடுங்காலம் உழைக்க வேண்டிய பொருளில் தொடக்கத்திலிருந்தே குறை இருந்திருப்பின், 5 ஆண்டுகள் வரை விற்றவரிடம் முறையிடலாம். கணினியும் பொதுவாக இவ்வகையிற் சேரும். முழுக் கணினியாயின் பொறுப்பாளி ஒருவரே. பாகங்களுக்கும் இவ்வுரிமை உண்டெனினும், பழுது எப்பாகத்தில் என்று கண்டறியும் பாடு நம்முடையதாகும். நம் கை தவறி வளைந்த ஊசிக்குக் கடைக்காரர் பொறுப்பாகார். தனியாரிடம் பழைய கணினி வாங்குவோருக்கு இச்சட்டத்தின் காப்பு இல்லை.

பொருத்துவதில் நன்மையே இல்லையோ? உண்டு. 2025 ஒக்ரோபர் 14 ஆம் நாள் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு நின்றபோது, பழைய கணினிகள் பல விண்டோஸ் 11 க்குத் தகுதியற்றவையாயின. தாமே பொருத்தியோர் பலருக்குப் பெட்டியையும் மின்வழங்கியையும் வைத்துக்கொண்டு, தாய்ப்பலகை, செயலி போன்ற சிலவற்றை மட்டும் மாற்றும் வழி இருந்தது.

ஆகவே அந்த அன்பருக்கு நாம் கூறியது இதுவே: பாடசாலை எக்கருவியைத் தருகின்றது என்பதை முதலில் விசாரியுங்கள். வீடு முழுவதற்கும் இருக்கப் போவது ஒரே கணினியாயின், முழுதாக வாங்குங்கள். பாடத்திற்கு வேறு கணினி இருந்து, மகனுக்கும் மெய்யான ஆர்வம் இருப்பின், பொருத்த விடுங்கள். பற்றுச்சீட்டுகளை ஒன்றுவிடாமற் பேணச் சொல்லுங்கள். ஆயினும் 2,000 குரோணர் மிச்சமாகும் என்று நம்பி அதனைச் செய்யாதீர்கள். ஒரு பாகம் பழுதானால் அத்தொகை போய்விடும். பிள்ளையின் கைத்தொழிற் கல்விக்குக் கொடுத்த கட்டணமாக அதனை எண்ணுவீர்களாயின், பின்னர் மனம் வருந்த நேராது.